கஞ்சிக்காவுக்கு வாய்த்த தம்பி

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்த முனை, ஒருத்தி அந்த முனை. பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தியின் கை தாழ்ந்தால் துணி கோணும். ஒருத்தியின் மனசு எங்கேயாவது போனாலும் கோணும். எனக்கு எதிர்முனையில் வருஷக்கணக்காக நின்றவள் கஞ்சிக்கா.

பெயர் அவளுடைய நிற்பைப் பார்த்து வைத்தது. கஞ்சி போட்டு உலர்த்திய சட்டை மாதிரி விறைப்பாக நிற்பாள். முதலாளி வந்தாலும் அதே நிற்பு, மேனேஜர் கத்தினாலும் அதே நிற்பு. இஸ்திரி மேஜைக்காரர் ஒருநாள், "உன்னையும் ஒரு மடிப்பு மடிச்சு அலமாரில வெச்சிடணும்" என்றார். "மடிச்சுப் பாருங்க, விரல் நசுங்கும்" என்றாள் இவள். எனக்கு அவள் வயதுதான், என்னைவிடச் சில மாதம் இளையவள்கூட. ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

ஒருநாள் காலையிலிருந்தே மழை. பஸ் வரவில்லை. வேலைக்குத் தாமதமாகும் என்று கஞ்சிக்கா, தன் மகள் போனில் போட்டுக் கொடுத்திருந்த ஆப்பில் ஒரு கார் கூப்பிட்டிருக்கிறாள். வண்டி வந்தது. இவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, இதைக் கேன்சல் பண்ணிட்டு அந்தக் காசை என் கையில குடுத்துடுங்களேன். கம்பெனிக்காரன் பாதிய முழுங்கிடறான்" என்றான்.

எங்கள் பக்கத்தில் இது சகஜம். டிரைவர் கேட்பான், ஏறினவர்கள் சரி என்பார்கள். இவளும் பட்டனை அழுத்தினாள்.

மேம்பாலத்தின் இறக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. கார் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓரச் சுவரில் மோதி நின்றது. அடி முழுக்க அவள் உட்கார்ந்திருந்த பக்கம். வலது தோள் கதவில் மோதி, கை தொங்கிப் போயிற்று. டிரைவருக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டதும் அவன் பின்கதவுப் பக்கம் ஓடி வந்திருக்கிறான். "அக்கா, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். வாடகைக்கு வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆப்ல இல்லாம சவாரி ஏத்தினேன்னு தெரிஞ்சா என் ஐடியத் தூக்கிடுவாங்க. வண்டிக் கடன் இருக்கு. என் கூடப்பொறந்த அக்கான்னு சொல்லிக்கறேன்."

போலீஸ்காரர் குனிந்து, "இவன் உங்க தம்பியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

வலியில் தலை தானாக ஆடியிருக்கும் என்று பிறகு நான் சமாதானம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "தானா ஆடலடி. நான்தான் ஆட்டினேன். சின்ன வயசுக்காரன், மழையில நனைஞ்சுகிட்டு நிக்கறான். பாவமா இருந்துச்சு."

எலும்பு முறியவில்லை என்று முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, தோளைத் தூக்கும் தசைநார் அறுந்திருக்கிறது என்றார். அறுவை செய்து தைக்க வேண்டும். சில மாதத்துக்கு மேல் கடத்தினால் அறுந்த முனை சுருங்கி உள்ளே போய்விடும், அப்புறம் தைத்தாலும் பிடிக்காது. இனாமாகச் செய்யும் இடத்தில் வரிசை நீளம். வெளியே செய்யக் கையில் ஒன்றுமில்லை. கை இடுப்புக்கு மேல் எழவில்லை. தலை வாருவதற்கே மகள் வேண்டியிருந்தது.

மேனேஜர் நல்லவர்தான். இடது கையால் கைத்துண்டு எண்ணும் வேலையைக் கொடுத்தார். "சீசன் முடியற வரைக்கும் பாக்கறேன். அப்புறம் தூக்கற கை வேணும், கோச்சுக்காதே" என்று சொல்லிவிட்டார். என் எதிர்முனைக்கு வேறொருத்தியை விட்டார்கள். நான் இழுக்கும்போது அவள் விடுவாள், நான் விடும்போது இழுப்பாள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துண்டு எண்ணியபடி கஞ்சிக்கா எங்களைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் சும்மா இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இழப்பீடு கேட்டு மகள் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். இரண்டு பதில் வந்தன. ஆப் கம்பெனி, அந்தப் பயணம் தொடங்கும் முன்பே ரத்தாகிவிட்டது, ஆகவே எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது. காருக்குரிய இன்சூரன்ஸ் கம்பெனி, வாடகை கொடுத்து ஏறியவருக்குத்தான் பாதுகாப்பு, நீங்கள் வண்டிக்காரரின் உடன்பிறந்தவர் என்று போலீஸ் பதிவில் இருக்கிறது, ஆகவே தருவதற்கில்லை என்றது.

மகள் இரண்டையும் வாசித்து முடித்தாள். கஞ்சிக்கா சிரித்துவிட்டாள். "ஒருத்தன் கணக்குல நான் வண்டியில ஏறவே இல்ல. இன்னொருத்தன் கணக்குல நான் டிரைவரோட அக்கா. அப்ப இந்தத் தோள் யாருதுடி?"

அவள் வீட்டுக்காரர் ஒரு அடுக்கு மாடியில் வாட்ச்மேன். பூச்சிக்கும் வழிவிட்டு நடக்கிற மனுஷர். "விட்டுடும்மா. கோர்ட்டுப் படி ஏறினவன் முழுசா இறங்கினதில்ல" என்றார்.

"நீங்க ஏற வேணாம். கீழ நின்னு என் செருப்பப் பாத்துக்குங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். கக்கத்தில் தோல்பை, வாயில் தேன். விபத்துக் கேஸ் எல்லாம் அவர் கைக்குள்தானாம். "கழுத்துக்கும் ஒரு பட்டை போட்டுக்குங்க. நடக்க முடியல, படுக்கைதான்னு சொல்லுங்க. வர்றதுல பாதிப் பாதி."

"நாக்கும் போச்சுன்னு சொல்லிடவா?" என்று கேட்டாள் கஞ்சிக்கா. "ஆனா அப்புறம் உங்களத் திட்ட முடியாதே."

நான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். வரும்போது அவள், "ஒரு பொய்க்குத் தலையாட்டினதுக்கே கை போச்சு. இன்னொண்ணு சொன்னா எது போகுமோ" என்றாள். பஸ்ஸில் ஏறியதும், "நாளைக்கு மத்தியானம் லீவு சொல்லு. இலவசமா வக்கீல் வெச்சுக் குடுக்கற இடம் ஒண்ணு இருக்காம்" என்றாள்.

அந்த இடம் கோர்ட்டு வளாகத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நான் வாசலில் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டேன். திறந்து பார்த்தால் அவள் உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீலம்மா எங்களுக்கு மகளாகக்கூடிய வயசு. டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டே, "முழுசாச் சொல்லுங்க. யார்கிட்ட என்ன பொய் சொல்லியிருந்தாலும் பரவால்ல, என்கிட்ட மட்டும் வேணாம்" என்றார். இவள் சொன்னாள். கேன்சல் செய்த இடம் வந்ததும் ரஸ்க் நின்றது. தலையாட்டிய இடம் வந்ததும் அது உடைந்து டீக்குள் விழுந்தது.

"ஐயோ அம்மா" என்றார் வக்கீலம்மா. "உங்க கேஸ உங்க கையாலயே கட்டிப் போட்டிருக்கீங்க."

"அவிழ்க்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் இவள்.

"இதையெல்லாம் இப்படியே எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா? கேன்சல் பண்ணதையும்?"

"சொல்லுவேன்."

"போலீஸ்ல தப்பாச் சொன்னதையும்? திட்டுவாங்க. எப்படி வேணாலும் கேப்பாங்க."

"நான் ஆட்டின தலைதானே. நானே சொல்றேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மத்தியானம் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்து, "உங்க இஷ்டத்துக்குத் தம்பி, உங்க இஷ்டத்துக்கு இல்லையா? இது என்ன விளையாட்டா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். திருத்திய வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட பிறகுதான் எழுந்தாள்.

அதுவும் போதவில்லை. வக்கீலம்மா போட்ட மனுவில், அவள் ஆப்பில் கூப்பிட்டதும் அதே காரைத்தான், ஏறிய பிறகுதான் ரத்து செய்தாள் என்று காட்டியிருந்தார். இன்சூரன்ஸ்காரர்கள் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். வந்தது தம்பி வண்டி என்று கண்டதும் ரத்து செய்துவிட்டு ஓசியில் போயிருக்கலாமே! பணத்துக்காக இப்போது உறவை மறைக்கிறார் என்று எழுதியே விட்டார்கள்.

வக்கீலம்மா நகம் கடித்தார். "அந்த டிரைவர் வந்து உண்மையச் சொல்லணும். நான் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம். ஆனா பயந்து போய் வந்தவன் மறுபடி 'எங்கக்காதான்'னுட்டா நம்ம கதை முடிஞ்சுது. அவனா வரணும்."

அவன் போனை எடுக்கவே இல்லை. அதனால் அடுத்த வாரம் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, போலீஸ் பதிவில் இருந்த முகவரியைப் பார்த்து நாங்கள் அவன் வீட்டுக்குப் போனோம்.

பழைய அடுக்குக் குடியிருப்பு. படிக்கட்டு முழுக்கப் பூண்டு வாசனை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து, மூட்டை மூட்டையாகப் பூண்டைக் கொட்டிக் கடைகளுக்கு உரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

"யாரும்மா நீங்க? யாரு வேணும்?"

"நான் உங்க மக" என்றாள் கஞ்சிக்கா.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் பார்த்தார், நான் இன்னொரு மகளோ என்று. "எனக்கேதும்மா மக?"

"போலீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கு. பெத்தவங்க முகத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நடந்ததை இவள் சொன்னாள். உள் அறையில் ஏதோ உருண்டது. டிரைவர் அங்கேதான் இருந்திருக்கிறான், வெளியே வரவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார். இளகுவார் என்று நான் நினைத்தேன். இளகவில்லை.

"உனக்குக் கை போச்சுன்னா என் புள்ள சோத்துல மண்ணப் போடுவியா? அந்த வண்டிதான் எங்களுக்கு எல்லாம். நீயும்தானே கேன்சல் பண்ணே? நீயும்தானே தலையாட்டினே?"

"ஆமா, ரெண்டும் நான்தான் செஞ்சேன்" என்றாள் இவள். "அதைச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவன் செஞ்சத அவன் சொல்லணும்."

"கெளம்பு."

கிளம்பினோம். படியில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவள், "அடுத்த வாரமும் லீவு சொல்லிடு" என்றாள்.

அடுத்த வாரமும் போனோம். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அந்த அம்மா பூண்டு உரித்தார். நாங்கள் ஓரமாக உட்கார்ந்தோம். சும்மா இருக்கக் கை வரவில்லை, நானும் உரிக்க ஆரம்பித்தேன். கஞ்சிக்கா இடது கையால் தோலை ஒதுக்கினாள். அவள் கெஞ்சவில்லை, சபிக்கவில்லை. பூண்டு விலை என்ன, கடைக்காரர் ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்றுதான் பேசினாள். கிளம்பும்போது மட்டும் உள் அறைப் பக்கம் பார்த்து, "தம்பி, போயிட்டு வர்றேன்" என்பாள்.

அதற்கடுத்த வாரம் அந்த அம்மா மடியில் பூண்டுடன் எழுந்திருக்க முடியாமல், பழக்கத்தில், "அந்தச் சல்லடைய எடு" என்று கையை நீட்டினார். சல்லடை சுவரில் ஆணியில் தொங்கியது. உயரமெல்லாம் இல்லை, நெற்றி மட்டத்துக்குத்தான். கஞ்சிக்காவும் பழக்கத்தில் எழுந்து வலது கையைத் தூக்கினாள். கை நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. நான் எழுவதற்குள், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மெல்ல மெல்ல மேலே தள்ளினாள். விரல் சல்லடையின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. பிறகு அந்தக் கையை அப்படியே இறக்கிவிட்டு, இடது கையால் எடுத்து வந்து கொடுத்தாள்.

அந்த அம்மா சல்லடையை வாங்கிக்கொள்ளவில்லை. "டேய்" என்றார்.

"டேய், வெளிய வாடா. பாத்தியா நீ?"

அவன் உள் அறை வாசலில் வந்து நின்றான். கதவிடுக்கு வழியாக அவன் எல்லாம் பார்த்திருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது.

"உங்கப்பன் போனப்புறம் ஒத்தப் புள்ளைய வெச்சுகிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பொண்ணு இருந்திருந்தா தேவலாமேன்னு ஊரே சொல்லுச்சு. நீ என்னடான்னா என்னைக் கேக்காமலே எனக்கு ஒரு பொண்ணப் பெத்து வெச்சிருக்கே! பெத்தவனே கையையும் முறிச்சு உட்டிருக்கே!"

"அம்மா, ஐடி போயிடும்மா."

"போகட்டும். ஐடியோடவா உன்னப் பெத்தேன்?"

அவன் கஞ்சிக்காவைப் பார்த்து, "அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"அந்த வார்த்தைய மட்டும் இப்ப சொல்லாதே தம்பி, கேஸ் போயிடும்" என்றாள் அவள். பூண்டுத் தோல் பறக்க நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

சமரசத்துக்குக் கூப்பிட்ட அன்றைக்கு, நீளமான மேஜை. தலைமாட்டில் நீதிபதி, ஒரு பக்கம் முழுக்கைச் சட்டை போட்ட இன்சூரன்ஸ் அதிகாரி, எதிர்ப்பக்கம் வக்கீலம்மாவும் நாங்களும், பக்கத்தில் டிரைவரும் அவன் அம்மாவும். டிரைவர் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னான். ஒன்றையும் விழுங்கவில்லை.

அதிகாரி விடவில்லை. "குடும்பமாப் பேசி வெச்சுட்டு வந்திருக்கலாம் சார். அக்கா தம்பிக்குள்ள ஒத்துமை இருக்கறது சகஜம்."

அவ்வளவுதான். அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்ப்பா, இவள நான் பெத்தேன்னு நீ பாத்தியா? பக்கத்துல நின்னியா? நான் பெத்தது இது ஒண்ணுதான், அதுவும் இப்படி."

"அம்மா, உட்காருங்க. பெரியம்மா, சித்தி மகளா இருந்தாலும்..."

"எனக்குக் கூடப்பொறந்தவங்களே கெடையாது. இவங்கப்பாவும் ஒத்தப் புள்ள. எங்க வம்சத்துலயே அக்காங்கறது கெடையாது. ஒரு அக்கா இருந்திருந்தா இந்தப் பயலக் காதப் புடிச்சுத் திருகி வளத்திருப்பா, இன்னிக்கு உன் முன்னாடி வந்து நிக்கற வேல எனக்கிருக்காது!"

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அதிகாரியிடம், குடும்ப விவரத்தை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், ஆனால் உறவு இல்லை என்றால் உங்கள் மறுப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று கேட்டார். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லை.

கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்களுடைய டாக்டரும் தோளைப் பார்த்த பிறகுதான் கையெழுத்தானது. ஆனால் அறுவைக்கும், வேலைக்குப் போகாத நாளுக்கும் ஆயிற்று. டாக்டர் சொன்ன கெடு தாண்டும் முன்பே ஆயிற்று. கூடத்தை விட்டு வெளியே வந்ததும் நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். கஞ்சிக்கா வக்கீலம்மாவுக்கு ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிக் கொடுத்தாள்.

டிரைவரின் ஐடியை ஆப் கம்பெனி நிறுத்தித்தான் வைத்தது. அவன் கொஞ்ச காலம் மளிகை மொத்தக்கடைக்கு மூட்டை வண்டி ஓட்டினான். காரை விற்க வேண்டி வரவில்லை.

அறுவை நடந்த அன்று மகளுக்குப் பரீட்சை, எனக்கு மதியம்வரை வேலை. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பூண்டு வாசனை. அந்த அம்மா ஈரத்துணியால் கஞ்சிக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து, "பேஷண்டுக்கு நீங்க யாரு? அம்மாவா?" என்று கேட்டார்.

"ஐயையோ, இல்ல" என்றார் அந்த அம்மா அவசரமாக. "நான் யாருமே இல்ல. நீதிபதிகிட்டயே சொல்லியாச்சு." சொல்லிவிட்டுத் துணியை மறுபடி நனைத்தார்.

சில மாதம் கையைக் கட்டிப்போட்டு, பயிற்சி செய்து, கஞ்சிக்கா மறுபடி ஸ்டூலுக்கு வந்தாள். சீசன் முடிந்தது. மேனேஜர் கைத்துண்டு வேலைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் கஞ்சிக்கா ஸ்டூலை விட்டு எழுந்து வந்து, என் எதிர்முனைக்காரியிடமிருந்து விரிப்பை வாங்கிக்கொண்டாள். கை காதுக்கு மேல் போகவில்லை. பயிற்சி இன்னும் பாக்கி இருக்கிறது. காது வரை போயிற்று, அது போதும். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே மேனேஜர் கதவோரம் நின்று பார்த்தார். நான் பார்த்து மெதுவாகப் பிடித்தேன்.

"என்னடி, குழந்தைக்கா போர்த்தப் போறே?" என்றாள் அவள். "ஒழுங்கா இழு."

இழுத்தேன். துணி கோணவில்லை.